ஸ்டோர் ரூமில் நீ வைத்த பெட்டி

என் பிரியமான அண்ணே,

அம்மாவின் கிள்ளான் வீட்டில் இன்டர்நெட் லைன் இப்போது நன்றாக ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று தொடங்கலாம். உண்மை அதுவல்ல. நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியும் உன்மேல் எனக்குப் பொறாமை போகவில்லை.

சனிக்கிழமைதோறும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி அம்மாவைப் பார்க்கப் போகிறேன். வாசலிலேயே வரவேற்பு: "அண்ணன் இருந்தப்ப லைன் இப்படி அறுந்து போகாது லா." கையில் மீனோடு நிற்பவள் நான். காதில் விழுவது உன் பேச்சு.

அதனால் போன மாதம் நானே அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். நீ மாட்டிய மூன்று வைஃபை பெட்டிகளும் ஒரே சேனலில், முழுப் பவரில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. மாடி ஏறினாலும் அம்மாவின் போன் கீழ் ஹால் பெட்டியை விடவே இல்லை. சேனல்களைப் பிரித்தேன். பவரைக் குறைத்தேன். மூன்றாவதை நீ ஸ்டோர் ரூமில், அரிசி டின்னுக்கு மேலே வைத்திருந்தாய். அங்கே யார் போவார்கள்? கழற்றி, நான் படுக்கும் மாடி அறையில் மாட்டினேன். போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். எங்கும் முழு சிக்னல். உன்னை ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல். "ஏண்டி, உன் மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுது. பேசு... ஹலோ?"

போய்ப் பார்த்தேன். பின் சந்தில், பாண்டான் செடித் தொட்டிப் பக்கத்தில், பிளாஸ்டிக் ஸ்டூலில் அம்மா. போனில் ஈப்போ சித்தி வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார்.

"இங்கயா உக்காருவீங்க?"

"தினம் இங்கதான். உங்கண்ணனுக்குத் தெரியும்."

ஸ்டூலுக்கும் அரிசி டின்னுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

நீ அம்மாவிடம் கேட்டாயா, பார்த்தே தெரிந்துகொண்டாயா? இத்தனை சனிக்கிழமை அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? ஹாலில், என் போனோடு.

பெட்டியைத் திரும்ப அரிசி டின் மேலேயே வைத்தேன். சித்தியின் முகம் தெளிந்தது. "பாத்தியா, அவன் வெச்ச இடம் வெச்ச இடம்தான்" என்றார் அம்மா.

"சேனலை மாத்துனது நான்மா."

"ஆமா, ஆமா." போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்தப் பெட்டியை இனி நகர்த்த மாட்டேன், அண்ணே. இன்னொரு ஸ்டூல் வாங்கிப் பின்னால் போட்டிருக்கிறேன். நாளை அம்மா வேறு இடம் மாறி உட்கார்ந்தால், முதலில் தெரிந்துகொள்பவள் நானாக இருப்பேன். இதிலாவது உன்னை முந்த விடு.

இன்னும் உன்னோடு போட்டி போடும்,
உன் ஒரே தங்கச்சி