முதலில் தொட்டது யார்

ஏப்ரல் 9, 1957. செவ்வாய்.

காலையில் மேகம். மழை இல்லை. எட்டாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் ஒரு கட்டு. கடையில் புதுப் பைசாக் குழப்பம், அரை மணி வீண்.

ஸ்டெல்லா பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். மூன்று வருடம் மைசூர் ராஜ்யத்துக்காக நீந்தினாள், மூன்று கோப்பை. இப்போது, ‘ஓசூர் சென்னை ராஜ்யம், நீ அங்கேதான் நீந்த வேண்டும்’ என்று சொல்லிவிட்டார்களாம். ஊருக்கு வெளியே ஜூஜுவாடியில் இருக்கும் ராஜ்ய எல்லை என் பெண்ணின் குளத்துக்குள்ளும் வந்துவிட்டது.

சனி, ஞாயிறு சென்னையில் தேர்வு. முதல் நாள் நூறு மீட்டர், மறுநாள் ஐம்பது. ஒவ்வொன்றிலும் முதலாவதாக வருபவள் மட்டும் அகில இந்தியப் போட்டிக்கு. வயது இருபத்திரண்டு, ஜூனில் வேலையில் சேர்கிறாள். இதுதான் கடைசி என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

மாலை, கோயில் போதகரின் மனைவி ஐயரம்மா. “குருத்தோலை ஞாயிறு அன்னிக்கா டீச்சர்? அதுவும் அந்த டிரெஸ்ல?”

“புடவையில் நேரம் கூடுதலாகும்” என்றேன். காபி குடிக்காமலே எழுந்தார். ஸ்டெல்லாவுக்காக ஜெபிப்பாராம். தண்ணீரின் தடை ஜெபத்தால் குறையுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 11. வியாழன்.

தளி, அண்ணன் ஊர். ஏப்ரலிலும் காலையில் சால்வை. அண்ணன் தோட்டத்துக் கிணறு. ஸ்டெல்லா நீந்தக் கற்றது இங்கேதான். ஓசூரில் பயிற்சிக்கு வேறு இடம் ஏது? பத்து கை போட்டால் எதிர்ச் சுவர்.

அண்ணன் மகள் ரோசியோடு பந்தயம். எதிர்ப்பக்கப் படிக்கல்லை முதலில் தொட வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்தேன். நிழல், நுரை, இரண்டு தலை. ஒன்றும் தெரியவில்லை. கீழிருந்து ஸ்டெல்லாவின் குரல்: “நான் இல்ல, ரோசிதான்!”

அண்ணி கைகொட்டிச் சிரித்தாள். “பதினாலு வயசுப் புள்ளகிட்ட தோத்துட்டு மெட்ராசுக்குப் போறாளாம்!”

“ரோசிதான் முதலில் தொட்டாள் என்று உங்களுக்குத் தெரிந்ததா அண்ணி?”

“மேல நிக்கறவளுக்கு என்னத்த தெரியும்? உள்ள இருக்கறவங்க சொன்னாத்தான் உண்டு. பொய் சொன்னா, நாளைக்கு அவகூட எறங்க ஆள் வராது.”

எடுத்துப்போக: துண்டு 2, ரப்பர் குல்லாய், குளுகோஸ், மிச்ச விடைத்தாள்.

ஏப்ரல் 12. வெள்ளி.

பஸ்ஸில் கிருஷ்ணகிரி. அணை வேலை லாரிகள், வாய் நிறையப் புழுதி. அங்கிருந்து ஜோலார்பேட்டை, பிறகு ரயில். ஸ்டெல்லா தூங்கிவிட்டாள். எதிரில் ஒரு அம்மாள்: “எங்க, கல்யாணத்துக்கா?” ஆமாம் என்றேன். மகள் நீந்தப் போகிறாள் என்று சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம்? தெரியவில்லை.

ஏப்ரல் 13. சனி.

தாங்க முடியாத வெக்கை. நூறு மீட்டர்.

பக்கத்துத் தடத்தில் சென்னைப் பெண் மாலதி. உயரம், நீண்ட கை. கடைசிப் பாதியில் இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். சுவரருகே மூன்று நடுவர்கள், குசுகுசுப்பு. இருவர் ஸ்டெல்லா பக்கம்; அவர்கள் விரல் அவளைக் காட்டியதைப் பார்த்தேன். தலைமை நடுவர் பென்சிலை எடுத்தார். அதற்குள் இவள் தண்ணீரிலிருந்து கையை நீட்டி, “நான் இல்ல சார், அவங்கதான்!”

“உன்னை யாரும்மா கேட்டா?” என்றார் தலைமை நடுவர். சுற்றிலும் சிரிப்பு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாலதியின் பெயரை எழுதினார்.

அறைக்கு வந்ததும் கத்தினேன். நான் கத்துகிற ஆள் இல்லை. “வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன?”

“கெணத்துல அப்புடித்தானம்மா. பழக்கம், வந்துடுச்சு.”

“இது கிணறு இல்லை.”

“தண்ணிதானே.”

பெரிய தியாகம் என்றெல்லாம் நினைக்க எனக்கு மனமில்லை. அவளே சொல்கிறாள், பழக்கம் என்று. சாப்பிடாமல் படுத்தேன். அவள் இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டாள்.

படுத்த பிறகு தோன்றியது: இந்தப் பழக்கத்தை நான் கற்றுக்கொடுக்கவில்லை. என்னிடம் இருக்கிறதா என்றும் தெரியாது.

ஏப்ரல் 14. ஞாயிறு.

கடல் காற்று. வழியில் குருத்தோலையோடு ஒரு கூட்டம். ஐயரம்மா நினைவு.

ஐம்பது மீட்டர். திரும்புதல் இல்லை, ஒரே பாய்ச்சல். எண்ணி மூச்சு விடுகிற தூரம். என் கைகள் தாமாகவே கோத்துக்கொண்டிருந்தன. ஜெபம் என்று சொல்ல மாட்டேன்.

மறுபடியும் அதே இரண்டு பேர், ஒரே கோட்டில். மறுபடியும் நடுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மாலதி என்கிறார், ஒருவர் ஸ்டெல்லா என்கிறார், மூன்றாமவர் கண்ணாடியைத் துடைக்கிறார். தலைமை நடுவர் சுவரோரம் வந்து குந்தினார். கால்சட்டை நனைந்தது, கவனிக்கவில்லை. ஸ்டெல்லாவிடம் குனிந்து, “யாரும்மா?”

அவளுக்கு மூச்சு வாங்கியது. குல்லாயைக் கழற்றினாள்.

“நான்தான் சார்.”

எழுதிக்கொண்டார். வேறு யாரையும் கேட்கவில்லை. மாலதி தடக் கயிற்றுக்கு மேலாக இவள் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “எந்த ஊர்ப் பொண்ணுங்க அது?” என்றார்.

ஓசூர் என்றேன். என் மகள் என்றும் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை.