இருட்டில் தெரியும் தலைகள்

மார்ச் 4

காலையிலேயே குமட்டல். சாயப்பட்டறையிலிருந்து வந்த ராணுவ ஹெல்மெட் உறைகளில் மண்ணெண்ணெய் நாற்றம். அச்சு மை காய்ந்தால் தானாகப் போய்விடும், சில நாள் காற்றில் விரித்துப் போட்டால் போதும் என்றேன். முதலாளிக்குப் பொறுமை இல்லை. சென்ட் பாட்டிலை மேலே கவிழ்த்துக்கொண்டு வருகிற மனிதர். தையல் பிரிவில் அவருக்கு ‘அத்தர்’ என்று பெயர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதை மாட்டினா எதிரி மோப்பம் பிடிச்சே சுட்டுடுவான் மேடம்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்களின் சிரிப்பு.

உறைகள், அவற்றின் மேல் போடுகிற வலைகள், எல்லாவற்றையும் சலவைக்கு அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரிசோதனைக் கூடத்துக்கு நான் பொறுப்பு என்பது கதவுப் பலகைக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 7

வந்துவிட்டன. ஓட்டல் துண்டு வாசனை. இலைப் பச்சையும் மண் நிறமும் பளிச்சென்று, கடையில் தொங்கவிடலாம் போல. அத்தருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

சலவைக்காரருக்குப் போன் செய்து என்ன பவுடர் என்று கேட்டேன். “ஓட்டல் பெட்ஷீட்டுக்குப் போடறதுதான் மேடம். உங்க முதலாளி பளிச்சுன்னு வேணும்னாரு. அதான் ரெண்டு மடங்கா போட்டேன்!” குரலில் என்ன பெருமை.

வெள்ளைத் துணியை மேலும் வெள்ளையாகக் காட்டுவதற்கென்று ஒளிரும் ரசாயனம் சேர்த்த பவுடர். அதை, ஒளிந்துகொள்வதற்காகவே தைத்த துணியில் போட்டிருக்கிறார்கள். சீ.

மார்ச் 8

இருட்டறையில் இரண்டு மரத்தலைகள் வைத்தேன். ஒன்றில் மாதிரிக்கென்று நான் எடுத்து வைத்திருந்த துவைக்காத உறை. இன்னொன்றில் துவைத்தது. இருட்டில் எதிரியைத் தேடப் படைகள் வைத்திருக்கும் இரவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதல் தலை பின்னாலிருந்த புதர்த் திரையில் கரைந்து போயிற்று. மற்றது பௌர்ணமி.

தையல் மேற்பார்வைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஐயையோ, பல்பு எரியற மாதிரி இருக்கேக்கா!” என்று சிரித்தாள். வலை போட்டும் பார்த்தோம். முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. அப்புறம் அவள் சிரிக்கவில்லை. “இதை யாரு தலையில மாட்டுவாங்க?” என்றாள்.

மார்ச் 9

சில உறைகளை வீட்டுக்குக் கொண்டு வந்து அலசிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர், வெந்நீர், மறுபடி வெந்நீர். கூடத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால் இன்னும் நீலமாக மினுங்குகிறது. இழைக்குள் ஏறிவிட்டது. இனி இறங்காது.

திரும்பிப் பார்த்தால் இவர் ஒன்றை ஸ்கூட்டர் ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் தொப்பையை உள்ளே இழுத்துச் சல்யூட் அடிக்கிறார். “எப்படி இருக்கேன்?”

“கழட்டுங்க.”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். “ஊர் அழுக்கெல்லாம் நீதான் துவைக்கணுமா? பேசாம இருந்துட்டுப் போயேன்” என்றார்.

பேசாமல் இருப்பதில் எனக்கென்ன பயிற்சிக் குறைவா?

மார்ச் 11

அத்தரிடம் சொன்னேன். மொத்தச் சரக்கும் பாழ் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் அருவருப்பு.

“படையிலேருந்து வர்ற அதிகாரி பகல்ல வராரு, பகல்ல பார்க்கறாரு. தையல் பார்ப்பாரு, அளவு பார்ப்பாரு. நீங்க கூப்பிட்டாத்தான் இருட்டறைக்குப் போவாரு. கூப்பிடாதீங்க. பொய் சொல்லச் சொல்லலையே? சும்மா இருங்க. நீங்க சாதாரணமாவே பேசமாட்டீங்களே மேடம்!”

“போட்டுக்கறவங்க தலை தெரியும் சார். சுட்டுடுவாங்க.”

“தினம் ராத்திரி சண்டையா நடக்குது?”

டீ வரவழைத்தார். குடித்தேன். ஏன் குடித்தேன்? எழுந்து வந்திருக்கலாம் இல்லையா?

மார்ச் 12

கையில் அந்த வாசனை. சோப்புப் போட்டால் சோப்பு வாசனையும் சேர்ந்துகொள்கிறது. சாப்பிடவில்லை.

மார்ச் 14

அதிகாரி வந்தார். கூடவே அவருடைய டிரைவர், நரைத்த மீசைக்காரர். அதிகாரி ஒரு உறையை முகர்ந்து, “அட, நல்லா வாசனையா இருக்கே” என்றார். ஹெல்மெட்டோடு தானே மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். அத்தர் பல்லெல்லாம் தெரிய நின்றார். என்னைப் பார்க்கவில்லை — என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

“விளக்கை அணைச்சும் பார்த்துடலாம் சார்” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அதிகாரி அந்த ஹெல்மெட்டோடேயே உள்ளே வந்தார். இரவுக் கண்ணாடியை டிரைவரிடம் கொடுத்தேன். விளக்கை அணைத்தேன்.

“என்னய்யா தெரியுது?”

“சார்... உங்க தலை மட்டும் தெரியுது சார்.”

யாரும் சிரிக்கவில்லை. சரக்கு நிராகரிக்கப்பட்டது. அத்தர் வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தார்.

மார்ச் 15

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 26

சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். அதே சரக்குக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டாராம். கடல் தாண்டி ஒரு நாட்டுப் படை. ஆய்வெல்லாம் கிடையாது, போட்டோ போதுமாம்.

அத்தர் தன் கையாலேயே ஒரு துண்டை என் தட்டில் வைத்தார். “இப்ப சந்தோஷமா மேடம்? நம்ம பசங்க தலை இல்லையே.”

எல்லோருக்கும் நிம்மதி. மேற்பார்வைக்காரிகூட, “மின்னினா மின்னட்டும் விடுங்கக்கா. அவங்க யாரோ, நாம யாரோ” என்றாள். இருட்டில் அந்த முடிச்சுகளைப் பார்த்தவள். விரலில் ஒட்டிய கிரீமை நக்கிக்கொண்டே சொன்னாள்.

கேக்கைத் துப்பிவிட்டு வந்தேன்.

மார்ச் 27

வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். “நம்ம படைக்கே வேணாம்னு சொல்லிட்டியே, அதோட உன் கடமை முடிஞ்சுது” என்றார். கடமைக்கு எல்லைக்கோடு எங்கே என்று இவருக்கு யாரோ வரைந்து கொடுத்திருக்கிறார்கள். வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்றும் கேட்டார். அது நியாயமான கேள்வி.

மார்ச் 29

வாங்குகிறவர்களின் போன் எண் அட்டைப்பெட்டிகளின் மேலேயே அச்சாகியிருந்தது. மதியம், என் மேஜையிலிருந்தே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். அவள் ஆங்கிலம் எனக்குப் பாதி புரிந்தது, என்னுடையது அவளுக்கு. பவுடரைப் பற்றிச் சொன்னேன், இருட்டறையைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நீங்கள் யார் என்றாள்.

பெயரைச் சொன்னேன். பதவியையும் சொன்னேன்.

நிமிர்ந்தபோது வாசலில் அத்தர். வாசனை முன்பே வந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 22

பகல் பதினோரு மணிக்கு வீட்டில் வெயில் எங்கெல்லாம் விழுகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. இவர் காய்கறி வாங்கிவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

மேற்பார்வைக்காரி போன் செய்தாள். பெட்டிகள் கப்பல் ஏறவே இல்லையாம். அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். உறைகளைக் கிழித்து மெஷின் துடைக்கிறார்களாம். “நல்லாத்தான் துடைக்குதுக்கா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

பிறகு தயங்கினாள். “இருட்டறைச் சாவி உங்ககிட்டயா இருக்கு?”

“மேஜையிலயே வச்சுட்டு வந்தேனே.”

“காணோம்க்கா. பூட்டை உடைக்கச் சொல்லிட்டாரு. உங்க வேலைக்கு அவரோட மச்சான் வந்திருக்காரு, அந்த ரூம்லதான் உட்காரப் போறாராம். கொத்தனார் வந்தாச்சு. ஜன்னல் வைக்கறாங்க.”

“ஜன்னலா?”

“ஆமாக்கா. ரெண்டு பக்கமும். நல்லா வெளிச்சமா இருக்கணுமாம்.”