விரலை விடாத கட்சி

அண்ணாச்சி,

இன்று காலை பனந்தும்புக்கு விலை முடிந்தது. வாங்கியவர் அதே தூத்துக்குடித் தரகர். பேசியது அதே வண்ணார்பேட்டைச் சரக்குக் கிட்டங்கியில், உங்கள் ஈரிழைத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து. என்ன விலை என்று உடனே கேட்பீர்கள். பொறுங்கள், கடைசியில் சொல்லுகிறேன். நல்ல விலையை நீங்களும் எடுத்த எடுப்பில் சொன்னதில்லை.

துண்டை உதறியபோது பனந்தும்பு வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. எத்தனையோ தரம் துவைத்தாயிற்று, வாடை போகவில்லை. அந்த வாடையோடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷத்துப் பங்குனி மாசமும் வந்து நின்றுவிட்டது. அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ராதாபுரத்திலிருந்து கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து வந்தவன் நான். நீங்கள் சாத்தான்குளத்துச் சந்தையில் ஓலைப்பாய் விற்றவர். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து தும்பு வாங்கத் தொடங்கியபோது, இது எங்கே போகிறது என்றுகூட நமக்குத் தெரியாது. தரகர்தான் சொன்னார்: "வெள்ளைக்காரன் சீமைக்குப் போயி பிரஷ் ஆவுது. போர்க்கப்பல் மேல்தட்டத் தேய்க்கதே நம்ம தும்புதான்." அன்றைக்கே நீங்கள் சென்னைப் பத்திரிகையில் சீமைத் தந்திப் பத்தியைப் பிடித்துக்கொண்டீர்கள். கடைத்தெருவே சிரித்தது. "பனங்காட்டுக்காரனுக்குப் பார்லிமெண்டு கேக்குதாம்லே!" என்றார்கள். அங்கே நமக்கு ஒரு ஓட்டும் கிடையாது என்பதை நானும் சொல்லிக் காட்டினேன். "ஓட்டு அவனுக்கு. தும்பு நமக்குல்லா வே" என்றீர்கள்.

அப்போது அங்கே புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த கட்சி, படைச் செலவைக் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்த கட்சி. வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்கள். வருஷத்துக்கு வருஷம் புதுக் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். தும்பு விலையும் கூடவே இறங்கியது. நீங்கள் கிட்டங்கிச் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் அவர்கள் பேசியதையும், வலப்பக்கம் ஓட்டுப் போட்டதையும் எழுதி வந்தீர்கள். இரண்டு பக்கமும் கொஞ்ச காலம் ஒன்றாகவே இருந்தது. பிறகு ஒரு வருஷம் அந்தக் கட்சிக்காரர்களிலேயே சிலர் எழுந்து, "கொடுத்த வாக்குப்படி இன்னும் குறையுங்கள்" என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர்கள் அரசாங்கமே அதைத் தோற்கடித்தது. நீங்கள் வலப்பக்கத்தில் எழுதிவிட்டுக் கரிக்கையோடு திரும்பினீர்கள்.

"வாக்குக் குடுத்தவனே வாக்குக்கு எதிரா ஓட்டுப் போடுதான் வே. காத்து திரும்புது. தும்பை வாங்கிப் போடுவோம்."

வாங்கினோம். சாத்தான்குளம், ராதாபுரம் பக்கம் எங்கே கட்டு கிடைத்தாலும் வாங்கினோம். கிட்டங்கி கூரை முட்ட நிறைந்தது. இருவருடைய முதலும் அதற்குள் அடங்கிவிட்டது. விலை விழுந்தால் நான் மறுபடி தலைச்சுமைதான். நீங்கள் மறுபடி பாய்தான்.

பங்குனி பிறந்ததும் தந்திகள் சூடாக வந்தன. ஆளும் கட்சி நான்கு பெரிய கப்பல் கட்டப் பணம் கேட்டது; தேவைப்பட்டால் பிறகு இன்னும் நான்கு என்றது. எதிர்க்கட்சி விடவில்லை, எட்டும் உடனே வேண்டும் என்று கண்டனத் தீர்மானம் போட்டது. எட்டு! உங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயில் வரும் முன்பே ஸ்டேஷனுக்குப் போய்ப் பத்திரிகைக் கட்டை அங்கேயே அவிழ்க்கச் சொல்லி வாங்கினீர்கள். தீர்மானம் தோற்றது என்று தந்தி வந்த அன்று நீங்கள் ஆற்றுப் பாலத்தில் நடந்து வந்த நடை எனக்கு இப்போதும் தெரிகிறது. துண்டு தோளில் இல்லை, கையில் கிடந்தது.

உங்களுக்குப் பின்னாலேயே தரகரின் வில்வண்டி வந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி, பேப்பர் பாத்தியளா? கப்பலும் கெடையாது, கிப்பலும் கெடையாது. அந்தக் கட்சி சொன்ன சொல்லக் காப்பாத்திட்டுல்லா! கிட்டங்கிய இன்னைக்கே காலி பண்ணிருங்க. எங்க கம்பெனிக்காரனும் பின்வாங்குததுக்குள்ள நான் எடுத்துக்கிடுதேன்."

துண்டைப் போட்டார். நீங்களும் கையை உள்ளே விட்டீர்கள். அவர் பிடித்த விலை உங்கள் முகத்திலேயே தெரிந்தது. வாங்கின விலையில் பாதிகூட இல்லை.

"வித்துருவோமா வே?" என்று என்னைக் கேட்டீர்கள். கூட்டுச் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. சுவரைப் பார்த்தேன். வலப்பக்கம் கடைசி வரியை நீங்களேதான் எழுதியிருந்தீர்கள்: நான்கு கப்பல், சம்மதம், தேவைப்பட்டால் இன்னும் நான்கு.

"அண்ணாச்சி, இந்தப் பின் நாலை இல்லைன்னு எவனாவது ஓட்டுப் போட்டிருக்கானா?"

நீங்கள் தந்தியை மறுபடி படித்தீர்கள். தோற்றது எதிர்க்கட்சியின் தீர்மானம். 'தேவைப்பட்டால்' என்ற சொல் மட்டும் தோற்கவே இல்லை. அது முன்பே ஓட்டாகி உட்கார்ந்திருந்தது! துண்டுக்கு அடியில் தரகரின் கை இன்னும் உங்கள் விரல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் அந்தத் துண்டைப் பார்த்தீர்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினீர்கள். கிட்டங்கி அதிரச் சிரித்தீர்கள்.

"வே, வேண்டாதவன் கைய உருவிக்கிடுவான். வேணும்ங்கிறவன் 'பாப்போம், பைய பேசுவோம்'னு வாயால சொல்லிக்கிட்டு விரலப் பிடிச்சிக்கிட்டே இருப்பான். இந்தா, இவரு பிடிச்சிருக்காரு பாரும்! அந்தக் கட்சியும் முன் நாலை முடிச்சுட்டு, பின் நாலு விரல விடாமப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு!"

தரகர் சூடு பட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். "உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி. தும்பைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அதற்குப் பிறகு நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். ஆனியும் போயிற்று. ஆடிக் காற்று கிட்டங்கிக் கூரைக்குள் புகுந்து தும்பைக் காயவைத்தது; எடை இறங்கியது. மதினி உங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரி பழைய கருவாட்டுக் கூடையைத் தேடி எடுத்து, கண்ணில் படும்படி வாசலில் வைத்தாள். கடைத்தெருவில் நம்மைக் கண்டால், "என்ன, கப்பல் எந்த மட்டுல வருது?" என்று கேட்காத ஆள் இல்லை. நீங்களோ தினமும் ஸ்டேஷனுக்குப் போனீர்கள். ஒரு நாள் பாலத்தின் அந்தக் கரையிலிருந்தே துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தீர்கள். உங்கள் உடம்புக்கு அது ஓட்டமா! மூச்சு வாங்கியது. வலக்கையின் நான்கு விரலைக் காட்டினீர்கள். பிறகு இடக்கையின் நான்கு விரலையும் காட்டினீர்கள்.

எட்டு.

ஆளும் கட்சியே சபையில் எழுந்து, பின் நான்கையும் கட்டுவோம் என்று சொல்லிவிட்டது. குறைப்போம் என்று ஓட்டு வாங்கின கட்சி! படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்க்க, நாம் இருவரும் பாலத்தின் நடுவில் நின்று குதித்தோம். மறுநாளே தரகர் வந்தார். இந்தத் தடவை துண்டை விரித்தது நீங்கள்.

இப்போது இன்றைய கதை. தரகர் இன்றும் ஒரு பத்திரிகையோடுதான் வந்தார். "சீமையில சமாதானப் பேச்சு பேசுதாங்க அண்ணாச்சி. போட்டிக்குக் கப்பல் கட்டுத ரெண்டு ராஜ்யமும் அத நிறுத்திருவாங்க போலுக்கு" என்றார். என்னையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.

"பேச்சு கெடக்கட்டும். ஓட்டு என்னாச்சு?" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். வலப்பக்கத்தில் என் கையெழுத்தில் இந்த வருஷத்து வரி இருந்தது: கப்பல் பணம், சென்ற வருஷத்தைவிட அதிகம், சம்மதம். பெருமூச்சு விட்டுவிட்டு, கையைத் துண்டுக்குள் விட்டார்.

நீங்கள் பிடித்த இடத்தில் என் கை இருந்தது. யார் எந்த மேடையில் எதைப் பேசினாலும் எனக்கு இப்போது காதைவிட விரல்தான் முதலில் விழிக்கிறது. அவர் மூன்று தரம் விலை சொன்னார். மூன்று தரமும் "கட்டுப்படியாகாது" என்று வாயால் முணங்கினார். ஒரு தரமும் விரலை விடவில்லை. நானும் விடவில்லை.

முடிந்தது இப்படி: ஒரு கண்டி எடைக்கு எழுபத்தெட்டு ரூபாய். எடை நம் கிட்டங்கியில், நம் தராசில். பாதிப் பணம் இன்றே கையில், மீதி சரக்குக் கப்பலேறியதும். தூத்துக்குடி வரை வண்டிக்கூலி அவர் பொறுப்பு. லாபம் பழையபடி நமக்குப் பாதிக்குப் பாதி. உங்கள் பாதி மதினி கையில்.