கயிற்றை அறுத்த பாரனுக்கு

நேற்று உங்கள் அலமாரியைத் திறந்தேன். குதிரைச் சவாரி பூட்ஸ் இரண்டும் நீங்கள் வைத்தபடியே நின்றன. தோலுக்குப் போடும் மெழுகின் வாடை அறை முழுக்கப் பரவியது. ஜன்னலைத் திறந்துவிட்டேன். உயர்ந்த மெழுகுதான், உங்கள் நாட்டிலிருந்து வரவழைப்பீர்கள். இந்த அல் ஐன் பாலைவனத்தில் நீங்கள் குதிரை ஏறி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இருந்தும் ஜூலை வெயிலில் அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் பேரீச்சைத் தோப்பில் நடப்பீர்கள்.

உங்கள் மகள் ஜெர்மனியிலிருந்து போன் செய்திருந்தார். அங்கே நினைவுக் கூட்டமாம். உங்களோடு அதிக காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்ப வேண்டுமாம். அனுப்பிவிட்டேன். மரங்களை நேசித்தவர், நேரம் தவறாதவர், அறுவடைதோறும் தொழிலாளிகளுக்கு விருந்து வைத்தவர் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மிச்சத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். இத்தனை வருஷம் தமிழர்கள் நடுவில் இருந்தும் எங்கள் மொழியில் 'சீக்கிரம்' என்ற ஒரு சொல்லைத்தான் நீங்கள் கற்றுக்கொண்டீர்கள்.

நான் திருச்சியிலிருந்து கணக்கு எழுத வந்தவன். வந்த முதல் வாரத்தில் தோப்பே உங்களுடையது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, தோப்பு ஒரு அரபுக்காரருடையது, நீங்கள் அவரிடம் சம்பளம் வாங்கும் மேனேஜர் என்று. தொழிலாளிகள் அவரை அர்பாப் என்பார்கள், முதலாளி என்று அர்த்தம். அர்பாப் மாதத்துக்கு ஒருமுறை வந்து, காவா என்கிற அரபுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். மற்றபடி எல்லாம் நீங்கள் வைத்த சட்டம். உங்களை 'பாரன்' என்றுதான் அழைக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அது உங்கள் பெயரில்லை, பரம்பரைப் பட்டம்.

வெள்ளிக்கிழமை மதியங்களில் வராந்தாவில் எனக்கும் காபி ஊற்றிக் கொடுத்து அந்தப் பரம்பரைக் கதையைச் சொல்வீர்கள். இன்றைக்குப் போலந்தாகிவிட்ட பகுதியில் உங்கள் தந்தைக்கு இருந்த பண்ணை, ஏரி, காடு, சொந்தத் தேவாலயம், அதை ஒட்டிய குடும்பக் கல்லறை. போரின் கடைசிக் குளிர்காலத்தில் ரஷ்யப் படை நெருங்கியபோது, சிறுவனான உங்களைக் கம்பளியில் சுற்றிக் குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு குடும்பம் மேற்கே ஓடியது. பிறகு திரும்பவே முடியவில்லை. "எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்த வீட்டுக்குப் போகாதே என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்ல முடிகிறது?" என்பீர்கள். கண் கலங்கும். நான் உங்களுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்ல, அவளும் உச்சுக் கொட்டியிருக்கிறாள். அந்த வருத்தத்தை இன்று நினைத்தால்தான் எனக்கு அதிகமாக எரிகிறது.

அந்த வண்டியை ஓட்டியவன் கதையையும் சொல்வீர்கள். வழியில் ஒரு கிளைச்சாலை. அதில் கொஞ்ச தூரம் போனால் அவன் கிராமம். அம்மாவை மட்டும் ஏற்றிக்கொள்கிறேன் என்று கேட்டானாம். குதிரைகள் களைத்துவிடும் என்றாராம் உங்கள் தந்தை. மறுபேச்சில்லாமல் நேரே ஓட்டினானாம். "அந்த விசுவாசம் இப்போது எவனிடம் இருக்கிறது?" என்று கோப்பையைக் கீழே வைப்பீர்கள். அவன் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "வண்டிக்காரன் என்றுதான் கூப்பிடுவோம்," என்றீர்கள்.

உங்கள் பண்ணையிலிருந்து நீங்கள் இந்த மணலுக்குக் கொண்டுவந்த ஒரே வழக்கம் அந்தக் கயிறு. அறுவடையின் முதல் நாள் பிரபு வயலுக்குள் கால் வைத்ததும், கதிர் கட்டுபவர்கள் வைக்கோல் புரியால் அவர் கையைக் கட்டிவிடுவார்களாம். அவர்கள் கேட்டதைக் கொடுத்துத்தான் பிரபு விடுபட வேண்டுமாம். அல் ஐனில் வைக்கோலுக்குப் பதில் பேரீச்சை நாரில் திரித்த கயிறு. புதிதாக வருகிறவர்களுக்கு நீங்களே விளக்குவீர்கள், நான் தமிழில் சொல்வேன். "அன்று ஒரு நாள் நான் உங்கள் கைதி. கேட்டதை மறுக்க எனக்கு உரிமையில்லை. கயிற்றை அறுத்துக்கொள்ளும் பிரபு பிரபுவே இல்லை." விருந்தாளிகளாக நாலைந்து வெள்ளைக்காரர்கள் கேமராவோடு வருவார்கள். எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டே பிரியாணி கேட்பார்கள். தேக்சாவில் அது முன்பே வெந்து தயாராக இருக்கும்.

ஒரு வருஷம் கயிற்றைக் கட்டியவன் மாரிமுத்து. பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன், மரம் ஏறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் அம்மா ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஊருக்குப் போக ஆபீஸுக்கு இரண்டு தடவை வந்து நின்றான். அறுவடையில் லீவு கிடையாது என்று நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னீர்கள். எல்லார் பாஸ்போர்ட்டும் உங்கள் அறைப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. நானும் சொல்லிப் பார்த்தேன். என்னை முறைத்தீர்கள்.

அவன் உங்கள் மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டான். நீங்கள் விருந்தாளிகள் பக்கம் முகத்தைத் திருப்பி, "என்ன வேண்டும், கேள்," என்றீர்கள்.

"பாஸ்போர்ட்டு சாப்," என்றான் மாரி. பிறகு என்னிடம் திரும்பினான். "சார், நீங்களே எடுத்துச் சொல்லுங்க. எங்கம்மா தாங்காதுன்னு டாக்டரு கைய விரிச்சிட்டாராம். நான் ஒத்தப் புள்ள. பிரியாணி, காசு எதுவும் வேணாம். கேட்டத இல்லன்னு சொல்லக்கூடாதுன்னு அவருதான சொன்னாரு."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். உங்கள் சிரிப்பு மாறவில்லை. கேமராக்கள் இருந்தன அல்லவா. "இது விளையாட்டு என்று அவனுக்குச் சொல்," என்றீர்கள்.

"தெரியும் சார்," என்றான் அவன். "மத்த நாள்ல அவரு நின்னு கேக்க மாட்டேங்குறாரே."

நீங்கள் இடது கையால் பையிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தீர்கள். அதைக்கூட நான் மறந்திருப்பேன். அடுத்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தீர்கள். மாரியின் விரல் பட்ட இடத்தை, மணிக்கட்டைச் சுற்றி, நிதானமாகத் துடைத்தீர்கள். துடைத்துவிட்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்று கை தட்டினீர்கள். தேக்சாவின் மூடியைத் திறந்தார்கள். ஆட்கள் தலைகுனிந்து தட்டோடு வரிசையில் நின்றார்கள். நான் தட்டு எடுக்கவில்லை. மாரி இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு மரம் ஏறப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே அர்பாப் வீட்டுக்குப் போனேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர் முழுதும் கேட்டுவிட்டுப் புரியாமல் என்னைப் பார்த்தார். "அறுவடையில லீவு இல்லைன்னு யார் சொன்னது பாய்? நான் சொல்லலியே," என்றார் இந்தியில். "அம்மா விஷயம். கலாஸ், அவ்வளவுதான், போகட்டும்." உங்களுக்குப் போன் போட்டு அதையே சொன்னார். காவா ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அப்படியானால் அந்தச் சட்டம் யாருடையது? மறுநாள் உங்களிடம் கேட்டேன். நீங்கள் காலைச் சாப்பாட்டில் முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தீர்கள். "என் தந்தை அறுவடையில் யாரையும் விட்டதில்லை," என்றீர்கள். "ஒருவனை விட்டால் அடுத்த வாரம் எல்லாருக்கும் அம்மா சாவாள்." சொல்லிவிட்டு முட்டையில் உப்புப் போட்டுக்கொண்டீர்கள். ச்சீ என்று வந்தது எனக்கு. உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ச்சீ.

மாரி திருச்சியில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. பங்காளி மகன் கொள்ளி வைத்திருந்தான். மாரி திரும்பி வரவில்லை. ஒருமுறை போன் செய்து என் பிள்ளைகளை விசாரித்தான்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு," என்று கெஞ்சினீர்கள். அந்தத் தேவாலயத்தின் பக்கத்தில், உங்கள் தாத்தாக்கள் நடுவில் கிடக்க வேண்டும் என்றீர்கள். அனுப்பினேன். தூதரகம், கார்கோ, போலந்துக்காரர்களின் அனுமதி என்று எல்லா இடத்துக்கும் நான்தான் அலைந்தேன். எங்கும் யாரும் இது அறுவடைக் காலம் என்று சொல்லவில்லை. பெட்டி விமானம் ஏறியதும் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவினேன். நடுவில் நிறுத்திவிட்டேன். நீங்கள் கைக்குட்டையால் துடைத்த அதே மாதிரி மணிக்கட்டைச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அர்பாப் உட்காரச் சொன்னார். முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டுகளை எடுத்து அவரவர் கையில் கொடுத்தேன். ஆட்கள் என்னைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கையில் எதிரே ஒருவன் லீவு கேட்டு நின்றால், இவன் சொல்வது நிஜமா என்று எனக்கே ஒரு நொடி சந்தேகம் ஓடுகிறது. அந்த நொடியில் முட்டைக்கு உப்புப் போடும் உங்கள் கை தெரிகிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

போன வாரம், குலைகள் வெட்டும் மும்முரத்தில், புதிதாக வந்த அரியலூர்க்காரன் ஒருவன் கதவருகே வந்து நின்றான்.

"சார், ஊர்ல..." என்று ஆரம்பித்தான்.

"போயிட்டு வா," என்றேன்.

அவன் நகரவில்லை. "என்ன விஷயம்னு நீங்க கேக்கவே இல்லையே சார்."

"கேட்டா யோசிப்பேன்," என்றேன். "யோசிக்கிறதுக்குள்ள கிளம்பு."