அம்மா வைத்த நேர்த்தி

2006 மே 7, ஞாயிறு

இன்று பாரைமீன் குழம்பு. செதிளும் செட்டையும் உள்ள மீன் என்றபடியால் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறலாம். நண்டு, இறால், கணவாய், சுறா ஒன்றும் ஏறக்கூடாது. அம்மா பேசாலைக் கடற்கரையில் பிறந்தவர். அப்பாவைக் கட்டுவதற்காக யூத சமயத்துக்கு மாறி, றெஜினா என்ற பெயரை விட்டு ரூத் ஆனார். பெயர் போனது பெரிய விஷயமில்லையாம். நண்டு போனதுதான் இன்னும் மனதில் கிடக்கிறதாம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு நான் நண்டைப் பற்றித்தான் படிக்கிறேன். கடல் உயிரியல்.

சோறு போடும்போது சொல்லிவிட்டேன். இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் போகவேண்டும், மூன்று வருடம், பிடித்துக்கொண்டால் அங்கேயே இருப்பேன் என்று.

“கடல் இஞ்ச இல்லையோ? துறைமுகம் கிடக்குத்தானே.”

“அது ஆறு அம்மா.”

“இவ்வளவு பெரிய கப்பலெல்லாம் வருது. ஆறாம்!”

பிறகு அகப்பையை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். “சண்டைக்குப் பயந்து நான் ஓடி வந்தது, நீ சண்டைக்குள்ள ஓடிப் போறதுக்கோ?”

அங்கே இப்போது சண்டை ஒன்றும் இல்லை என்றேன். “இல்லாட்டி வரும்” என்றார். குழம்பில் உப்பில்லை. நான் சொல்லவில்லை.

இந்தக் கொப்பியைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், அப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், ஆனால் மற்றவர்களின் கொப்பியைத் திறக்கமாட்டார். இந்தப் பனிநாட்டில் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில். சனி எங்கள் ஓய்வுநாள், பேனை தொடக்கூடாது. அதனால் ஞாயிறுகளில் சமையல் மேசையில் இருத்தி, தலையில் குட்டிக் குட்டி அம்மாவே சொல்லித்தந்த தமிழ் இது. பிழை இருந்தால் அவரைத்தான் கேட்கவேண்டும்.

மே 10, புதன்

அப்பாவிடம் பிரெஞ்சில் கேட்டேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. அப்பா மொறோக்கோ யூதர். எந்தக் கேள்விக்கும் முதலில் புதினாத் தேநீர் போடுவார்.

“ஆம் என்றால் உன் அம்மா என்னோடு பேசமாட்டாள். இல்லை என்றால் நீ பேசமாட்டாய். சீனி எத்தனை?”

ஆனால் உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம். குளியலறையில் பாட்டுக் கேட்கிறது.

மே 22, திங்கள்

நேற்று அம்மா மாக்கிரட் பெரியம்மாவோடு எங்கோ போய் வந்தார். பெரியம்மா அம்மாவின் அக்கா. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. அவர் இன்னும் கத்தோலிக்கர்தான், ஞாயிறு பூசை தவறவிடமாட்டார்.

வந்ததிலிருந்து அம்மா வேறு ஆள். சண்டை இல்லை, பெருமூச்சு இல்லை. இன்று தானாகவே கூட வந்து பெரிய நீலப் பெட்டி ஒன்று வாங்கித் தந்தார். சில்லு நன்றாக ஓடுகிறதா என்று கடை முழுக்க உருட்டிப் பார்த்தார். மனம் ஆறிவிட்டது போல. அப்பாடா.

ஜூன் 18, ஞாயிறு

அம்மாவின் ஊரான பேசாலையில் கோயிலுக்குள் ஒதுங்கியிருந்த சனத்தின் மேல் குண்டு எறிந்தார்களாம். பெரியம்மா அழுதுகொண்டே போன் எடுத்தார். அம்மா அழவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் உரித்து வைத்துவிட்டு, ஏன் உரித்தேன் என்று என்னைக் கேட்டார்.

ஜூலை 13, வியாழன்

நேற்று இஸ்ரேல், லெபனான் எல்லையில் சண்டை தொடங்கியது. இன்று ஹைஃபாவிலும் றொக்கெட் விழுந்திருக்கிறது. “நான் அப்பவே சொன்னனான்” என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் கையைப் பொத்திக்கொண்டு இருந்தார். பிள்ளைகள் காப்பகத்தில் வேலை முடிந்து வந்த உடுப்புக்கூட மாற்றவில்லை.

ஜூலை 17, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து செய்தி. ஆகஸ்ட் மொழி வகுப்பு நடக்காது. மற்றது பிறகு அறிவிப்பார்களாம்.

பால் வாங்க மூலைக்கடைக்குப் போனேன். கடைக்கார எலியாஸ் லெபனான்காரர். சின்னதிலிருந்து என்னைத் தெரியும், ஹைஃபா போகிறேன் என்பதும் தெரியும். அவருடைய தங்கை பிள்ளைகளோடு தெற்கு லெபனானில் அகப்பட்டுக்கொண்டாள். உள்ளே நுழைந்த பிறகுதான் எனக்கு அது நினைவு வந்தது. திரும்பவும் முடியாது. இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“உன் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே?” என்றார் அவர்.

“தங்கை கதைத்தாவா?” என்றேன் நான்.

நேற்றுக் கதைத்தாளாம். இன்று இன்னும் இல்லையாம். பாலை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அம்மா நொண்டுகிறார். இரண்டு முழங்காலும் வீங்கி, தோல் உரிந்திருக்கிறது. வேலையில் விழுந்தாராம். இரண்டு முழங்காலிலும் ஒரேயடியாக விழுவதென்றால் எப்படி விழவேண்டும்? கேட்டால், “விழுந்தாப்போல கணக்குப் பாத்தே எழும்புறது?” என்கிறார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

சண்டை நின்றுவிட்டது. எலியாஸின் தங்கை குடும்பம் கப்பலில் தப்பி சைப்பிரஸ் வந்துவிட்டதாம். கடையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். எனக்கு இரண்டு.

வகுப்பு ஒக்டோபர் கடைசியில் தொடங்குமாம். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போய், “நீ போகேலாது” என்றார். ஏன் என்றேன். “போகேலாது எண்டால் போகேலாது.” அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

பெட்டி வாங்கித் தந்தது ஆர்? நீங்கள்தானே! கடை முழுக்க உருட்டினது ஆர்? அப்ப அதெல்லாம் நடிப்போ? எனக்கு விளங்கேல்லை. எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இப்போது விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பெரியம்மா வீட்டுக்குப் போய், சொல்லாவிட்டால் எழும்பமாட்டேன் என்று சமையலறையில் குந்திவிட்டேன். கடைசியில் சொன்னார்.

“கொம்மா சூசையப்பருக்கு நேர்த்தி வைச்சவ.”

மே மாதம் இரண்டு பேரும் போனது மலையிலுள்ள, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் கோயிலுக்கு. கலியாணம் கட்டியதிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத அம்மா, அங்கே போய் மெழுகுதிரி கொளுத்தி, “என்ர பிள்ளையின்ர பயணம் நிக்கவேணும். நிண்டால் இந்தப் படி முழுக்க முழங்காலில ஏறுவன்” என்று வேண்டியிருக்கிறார். மனம் ஆறியது அதனால்தான். பெட்டி வாங்கியதும் அதனால்தான், எப்படியும் நான் போகப்போவதில்லையே.

பிறகு ஜூலை வந்தது. பயணம் நின்றது.

“தான் கேட்டதாலதான் சண்டை வந்ததெண்டு இராப்பகலா அழுகிறா பிள்ளை. கேட்டது கிடைச்சிட்டுது, சொன்னபடி செய்யாட்டிக் குற்றமெண்டு போய் முழங்காலில ஏறினவ. நான் பின்னால பிடிச்சுக்கொண்டு போனனான். மரப்படி. எத்தினை படி தெரியுமே!”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யூதப் பெண் ஒருத்தி சூசையப்பருக்கு நேர்த்தி வைத்து, அதைக் கடன் மிச்சமில்லாமல் தீர்த்தும் இருக்கிறாள்! பிறகு அந்த முழங்கால்கள் நினைவு வந்தன. பெரியம்மாவின் தோளில் விழுந்து அழுதேன். அவர் எனக்கு வடை தந்தார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

அம்மாவின் முழங்காலுக்குச் சித்தாலேப தைலம் பூசிக்கொண்டே, தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் காலை இழுக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

“அம்மா, சண்டையைத் தொடங்கினவைக்கு நீங்கள் ஆரெண்டே தெரியாது.”

“சூசையப்பருக்குத் தெரியும்.”

நான் மற்ற முழங்காலுக்கு மாறினேன். அம்மாவே தொடர்ந்தார்.

“நான் உன்ர விசா பிழைக்கவேணும், காய்ச்சல் கீய்ச்சல் வரவேணும், இப்பிடி ஏதும் நடக்குமெண்டுதான் நினைச்சன். அத்தினை குஞ்சு குருமான் சாகுமெண்டு நினைச்சனானோ? அந்தக் கடைக்காரன்ர முகத்தைப் பாக்கேலாமல் நான் மற்றக் கடைக்குப் போறனான்.”

சரி, நடந்தது நடந்துவிட்டது, இப்போது ஏன் மறிக்கிறீர்கள் என்றேன். அப்போதுதான் உண்மையான பயம் வெளியே வந்தது. வேண்டியாகிவிட்டது, கிடைத்தும் விட்டது, தீர்த்தும் ஆகிவிட்டது. இனி நான் போனால் அது கொடுத்ததைத் தட்டிப் பறிப்பதாம். அந்தக் குற்றம் என் தலையில் விடியுமாம்.

போகாமல் இருக்க என்னால் முடியாது. அம்மாவை இந்தப் பயத்தோடு விட்டுவிட்டுப் போகவும் முடியாது. எனக்கு அம்மாவில் கோபமாக வருகிறது. அதைவிடப் பாசமாக வருகிறது. இரண்டுக்கும் நடுவில் கை முழுக்கச் சித்தாலேப.

செப்டம்பர் 5, செவ்வாய்

அப்பாவிடம் போனேன். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்க, “படிக்கட்டு விஷயமா?” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“ஒரே கட்டிலில் படுக்கிறேன். அந்த முழங்காலைப் பார்த்தால் தெரியாதா? அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.”

கோபமில்லையா என்று கேட்டேன். தேநீர்க் கோப்பையை இரண்டு தரம் சுற்றினார். கொஞ்சம் வலித்தது என்றார். பிறகு, “எனக்காக அவள் விட்டதெல்லாம் பெரிய சாமான். ஒரு நாள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்” என்றார். நான் இந்த மனிதரை இவ்வளவு காலமும் தேநீர் போடுகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர்தான் வழியும் சொன்னார். எங்கள் புத்தாண்டுக்கு முதல்நாள் காலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மூன்று பேர் நீதிபதிகள்போல் உட்காருவார்கள். செய்த நேர்த்திக்கு வருந்துகிறவர் முன்னால் நின்று சொன்னால், அவர்கள் அதை அவிழ்த்துவிடுவார்கள். அப்பா வருடா வருடம் எங்கள் ஆலயமான சினகோக்கில் செய்வதுதான்.

“சூசையப்பருக்கு வைத்த நேர்த்தியையுமா?”

“ஏன், யோசேப்பு யார்? நாசரேத்தில் ஒரு யூதத் தச்சன். நம்முடைய ஆள்தான். அவருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும்.”

அம்மாவிடம் அப்படியே சொன்னேன். “கொப்பர் பகிடி விடுறார்” என்றார். ஆனால் அதன் பிறகு யோசித்துக்கொண்டே இருக்கிறார்.

செப்டம்பர் 22, வெள்ளி

பொழுது சாய்ந்தால் புத்தாண்டும் ஓய்வுநாளும் தொடங்கிவிடும், எழுத முடியாது. அவசரமாக எழுதுகிறேன்.

காலையில் அப்பாவின் அண்ணா மொறிஸ் பெரியப்பா, சினகோக்கிலிருந்து இரண்டு கிழவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக இருந்தார்கள். அப்பா இருக்கவில்லை. மனைவியின் நேர்த்தியைப் புருஷன் அவிழ்க்கக்கூடாதாம், அவன் அவளில் பாதியாம். சுவரோடு ஒதுங்கி நின்றார்.

அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார். பிரெஞ்சில் தொடங்கினார், இரண்டு வசனத்தில் தடக்கிவிட்டது. “எனக்கு இது தமிழிலதான் வருது” என்றார் என்னைப் பார்த்து. கிழவர்களில் மூத்தவர், எந்த மொழியிலும் சொல்லலாம், எங்களுக்கு விளங்கினால் போதும் என்றார். ஆக, என் பயணம் நிற்கவேண்டும் என்று என் அம்மா கேட்டதை, நானே வசனம் வசனமாகப் பிரெஞ்சில் சொல்லவேண்டி வந்தது. மெழுகுதிரி, படிக்கட்டு, சண்டை, எல்லாம் சொன்னேன். சூசையப்பரின் பெயர் வந்தபோது மொறிஸ் பெரியப்பா தாடியைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். சிரிக்கிறாரோ என்று பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

மூத்தவர் கேட்டார், “வருந்துகிறாயா, மகளே?”

அம்மாவோ பொய் சொல்ல வராத மனுசி.

“சந்தோசமாப் போ எண்டு நான் சொல்லமாட்டன். எனக்கு அது வராது. ஆனா நிக்கவேணும் எண்டு கேட்டது பிழை. அது அவளின்ர கால். நான் அதைக் கட்டக் கேட்டிருக்கக்கூடாது.”

இதையும் நான்தான் சொன்னேன். பாதிக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. மீதியை அப்பா சுவரோடு நின்றபடி சொல்லி முடித்தார். இவ்வளவு தமிழ் அவருக்கு எப்போது விளங்கத் தொடங்கியது?

மூன்று பேரும் ஒன்றாக, மூன்று தரம் சொன்னார்கள். அவிழ்ந்தது உனக்கு, விடப்பட்டது உனக்கு, மன்னிக்கப்பட்டது உனக்கு. அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவர்களுக்குக் கோழிப் பிரட்டல் கட்டிக் கொடுத்தார். உறைப்பு என்று நான் எச்சரித்தேன். மூத்தவர் கேட்கவில்லை, இந்நேரம் பட்டிருப்பார்.

ஒக்டோபர் 12, வியாழன்

அம்மாவே பெட்டி அடுக்குகிறார். மிளகாய்த்தூள் மூன்று பை. நான் ஒன்றை எடுத்து வெளியே வைப்பேன், அவர் இரண்டை உள்ளே வைப்பார்.

ஒக்டோபர் 18, புதன். டோர்வல், விமான நிலையம்

உள்ளே வந்துவிட்டேன். விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பரிசோதனை வரிசை தொடங்கும் இடத்தில் அம்மா என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லவேணும். சண்டை வந்த நாளிலயிருந்து உனக்காக நான் ஒண்டும் கேக்கேல்லை. கோயில்லயும் இல்லை, சினகோக்கிலயும் இல்லை. வெள்ளிக்கிழமை மெழுகுதிரி கொளுத்தேக்கையும் வாயைத் திறக்கேல்லை. பேந்து நான் ஏதும் கேட்டு, அது வேற மாதிரி நடந்து… பயமாக் கிடக்கு.”

எனக்குக் காய்ச்சல் என்றால் கேட்பார், பரீட்சை என்றால் கேட்பார், பஸ் பிந்தினால்கூட ஜன்னலில் நின்று கேட்பார். அப்படிப்பட்டவர் இத்தனை நாளும் எனக்காக ஒரு வார்த்தையும் கேட்காமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ஜனவரியில் கோட்டு இல்லாமல் தெருவில் நின்றதுபோல் இருந்தது எனக்கு.

“கேளுங்கோ அம்மா” என்றேன்.

“என்னத்தையெண்டு கேக்க?”

“நான் போறதை மட்டும் விட்டிட்டு, மிச்சம் எல்லாத்தையும் கேளுங்கோ.”

அந்த இடத்திலேயே அம்மா கண்ணை மூடினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்பா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, எங்களைச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டு நின்றார். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. மூன்று மாதத்து மிச்சம் எல்லாம் இருந்தது போலும். ஒரு குடும்பம், இரண்டு கன்னியாஸ்திரிகள், பிறகு ஒரு ஹொக்கி அணி முழுவதும் என்னைக் கடந்து உள்ளே போனார்கள். நான் அம்மாவை அவசரப்படுத்தவில்லை.