நான்கு தையல்

அன்புள்ள அப்பாவுக்கு, சன்மதி வணங்கி எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? நான் நலம். போனில் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். வேங்கிக்காலில் எங்கள் டைப்பிங் கடை நிறையக் கூட்டம். கம்ப்யூட்டரில் பழைய மனுவைத் திறந்து பெயரை மட்டும் மாற்றினால் இரண்டே நிமிடம். காலையில் சகாதேவன் என்பவர், தம்பி தடியால் அடித்து நெற்றியில் நான்கு தையல் என்று மனு கேட்டார். பிறகு அந்தத் தம்பியே வந்து, அண்ணன் தன் கையை உடைத்ததாகச் சொன்னார். அவசரத்தில் அதே மனுவில் பெயர்களை மட்டும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டையும் படித்த அதிகாரி, பொய் மனு என்று இருவரையும் துரத்திவிட்டார். அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் கடைக்குள் பாய்ந்தார்கள். "யாரக் கேட்டு என் மண்டையில தையல் போட்ட?" என்று கத்தி, தம்பி மேசையை எட்டி உதைத்தார். அண்ணன் மானிட்டரைத் தூக்கி வீசினார். சாமான்கள்தான் உடைந்தன, பயப்படாதீர்கள்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். அம்மாவின் பழம்புடவை ஒன்றும் வையுங்கள், தலையணைமேல் விரிக்க.

ஸ்டேஷனில் கொடுக்க அதே மனுவைத்தான் திறந்தேன். பெயர்களை மாற்றினேன். 'தடி'யை 'மானிட்டர்' ஆக்கினேன். நெற்றியையும் நான்கு தையலையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அவசரத்தில்,
சன்மதி