காய்ச்சலில் போனவள் என்கிறார்கள்

அன்பு மதினி,

ஆமாம், வெள்ளையடித்துவிட்டார்கள். இரண்டு பூச்சு. முதல் பூச்சுக்குக் கோடு மறையவில்லை. காய்ந்ததும் பழுப்பாகத் திரும்பி வந்தது. அண்ணன் நீலம் கூட்டி இன்னொரு தடவை அடிக்கச் சொன்னான். தொண்ணூற்றிரண்டு வெள்ளம் ஆற்றங்கரை வீட்டுக் கூடத்தில் எதுவரை நின்றது என்று இனி யாராலும் காட்ட முடியாது.

என் கழுத்து வரை. நீ என்னைவிடக் குட்டை.

அந்தத் தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் அந்தச் சேற்றுக் கோடு இருந்தது. முதல் வருஷம் அதைப் பெருமையாகப் பேசினார்கள். "எங்க வீட்டுல சாமி படம் வரைக்கும்லா வந்துச்சு." "அது என்ன பெரிசு, எங்க வீட்டுல உத்தரத்தத் தொட்டுட்டு." பிறகு ஒரு வீட்டில் கல்யாணம் வந்தது, ஒரு வீட்டுக்கு வாடகைக்காரர் வந்தார், ஒரு வீட்டுக்கு விலை வந்தது. கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாக நம்முடையது.

அண்ணனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. கோபப்படாதே. இல்லை, படு.

நாங்குநேரிப் பெண். வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறாள். அண்ணனுக்கு இன்னும் திருச்செந்தூர்ப் பள்ளிக்கூடத்தில்தான் வேலை. திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வருவான். நானும் அம்மாவும் ஊருக்குள் இருக்கும் வீட்டில்தான். வாரம் முழுவதும் அவளும் உன்னைப் போலவே அந்த வீட்டில் தனியாக இருப்பாள்.

நீ காய்ச்சலில் போனதாக அவர்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். "அவ வெள்ளத்துல போனான்னு சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? துர்மரணம் நடந்த வீடும்பான். காய்ச்சல்னா எல்லாருக்கும்தான் வருது."

"அம்மா, அவ அந்த வீட்டுலதான இருக்கப் போறா?"

"நாங்களும் இருந்தவங்கதான். நாலு எழுத்து படிச்சிட்டா நாக்கு நீண்டிருமாட்டி? பேசாம கெட."

அண்ணன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தண்ணி இனிமே அப்படி வராது" என்றான். யாரிடம் சொன்னான்? அவன் பொய்யன் இல்லை, மதினி. அந்த வாரம் ரோடு அறுந்து, பஸ் இல்லாமல், இடுப்பளவுச் சேற்றில் நடந்து வந்து வாசலில் உட்கார்ந்து அழுதவன். அழுதவனே நீலம் கூட்டுகிறான். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது புவியியல். நம் தெரு மாதிரி இடங்களுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு: வெள்ளச் சமவெளி. வரைபடத்தில் அதை நீலமாகத் தீட்டினோம். உன் அடுப்பங்கரை அந்த நீலத்துக்குள் வந்தது.

தெரு வரைபடத்தையா நம்பியது? ஆற்றுக்குள் பாறைமேல் இருக்கும் முருகன் கோயிலை நம்பியது. தண்ணீர் ஏறினால் உற்சவரைத் தூக்கிவந்து கரைமேல் கோயிலில் வைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் தெருவில் ஒரே கேள்விதான்: "சாமி ஏறியாச்சா?" ஏறியிருந்தால் பாயைச் சுருட்டலாம். ஏறவில்லையென்றால் சோறு வடிக்கலாம்.

அன்று விடிகாலையில் மலையில் கொட்டிய மழையும் அணைகள் தாங்காமல் திறந்துவிட்ட தண்ணீரும் ஒன்றாக இறங்கின. பக்கத்து மாடி வீட்டு அண்ணாச்சி உன்னைக் கூப்பிட்டதை இன்னும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். "தாயி, மாடிக்கு வந்துரு, தெருவுல தண்ணி வருது." நீ வாசலில் நின்று, "சாமி இன்னும் ஏறலையே அண்ணாச்சி, ஒல வச்சிருக்கேன்" என்றாயாம். சிரித்துக்கொண்டு.

சாமியைத் தூக்கப் போனவர்களே அப்போது கோயிலை நெருங்க முடியாமல் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். அது உனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கோயிலின் முன்பக்கத்தைப் படகின் மூக்குபோலக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் தலைக்கு மேலே போகும் என்று தெரிந்தே கட்டியது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்தார்கள், விளக்கேற்றினார்கள், முடிந்தது. அதன் பக்கத்திலேயே செங்கலும் ஓடுமாக நாம் ஒரு வீடு கட்டி, உன்னை அதில் குடிவைத்தோம்.

போன செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் நாங்குநேரிக்கு பஸ் ஏறினேன். கல்யாணம் நின்றால் அண்ணன் என் முகத்தில் விழிக்க மாட்டான். தெரிந்துதான் போனேன்.

அவள் பின்கட்டில் தைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்று. சுவரில் கோடு இருந்தது என்று. நீ சொன்ன கடைசி வார்த்தை வரை. அவள் கை நிற்கவில்லை.

"எனக்கு முப்பத்திரெண்டு ஆவுது" என்றாள். "முன்ன வந்தவனெல்லாம் என் எடுப்புப் பல்லப் பாத்துட்டுப் போயிட்டான். இதயும் விட்டா அடுத்தவன நீங்க கூட்டிட்டு வருவீங்களா?"

சரிந்து விழுந்த ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"எங்க ஊருல குளம் நெறஞ்சா பொங்கல் வைப்போம். தண்ணி ஆளக் கொல்லும்னு இப்பத்தான் கேக்கேன்." இன்னொரு சட்டையை எடுத்தாள். "அந்த வீட்டுல மேல ஏற வழி உண்டா?"

"இல்ல. ஓட்டு வீடு."

"ஓட்டு மேல ஏற ஏணி?"

"அதும் இல்ல."

"ஓ." சட்டையின் காலரை நீவிவிட்டாள். "எங்க அப்பாட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். உண்மையைச் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் வறண்ட குளங்கள். அவள் சாவைக் கேட்டு பயப்படவில்லை. அதைவிட எதற்கு பயப்படுகிறாள் என்பதையும் மறைக்கவில்லை. உன்னையும் இப்படித்தான் கட்டிக் கொடுத்தார்களா? ஒருநாளும் நான் கேட்டதில்லை.

தை மாதம் முகூர்த்தம். அண்ணன் முதல் முடிச்சு போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, நான்தான் போட வேண்டும். உனக்கும் நான்தான் போட்டேன். "பைய, கழுத்த நெரிச்சிராதட்டி" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள்.

போடுவேன். போட்டுவிட்டு அத்தோடு போய்விட மாட்டேன். அண்ணன் ஊரில் இல்லாத மழைநாள் ஒவ்வொன்றிலும் அவளோடு அந்த வீட்டில் படுப்பேன். வானம் இருண்டால், கோயிலில் என்ன நடந்தாலும் நடக்காவிட்டாலும், உலையைக் கவிழ்த்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வெளியேறுவேன். கல்யாணப் பந்தலில் யாராவது நீ காய்ச்சலில் போனாய் என்றால், அங்கேயே, சத்தமாக, இல்லை என்பேன். இது என் வாக்கு.

உன் தாலியில் முடிச்சு போட்ட
நாத்தனார்

இதை எழுதி முடித்த மறுநாள் ஒரு மூங்கில் ஏணி வாங்கினேன். கைவண்டியில் ஏற்றி ஆற்றங்கரை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பின்சுவரில் சாத்தி, ஓட்டுக்கு மேல் இரண்டு படி நீட்டிக்கொண்டிருக்கும்படி பார்த்து, ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன்.